கரி பஸ்ஸும் பொடக்காளிச் சுவரும்

எங்கள் வீட்டுப் பொடக்காளிச் சுவர் மாட்டுவண்டிக் காலத்தில் வைத்தது. பாதையில் வண்டி போனால் வண்டிக்காரரின் தலைப்பாகை மட்டும் சுவருக்கு மேலே நகர்ந்து போவது தெரியும். உள்ளே உட்கார்ந்து குளிக்கிறவள் அவர் கண்ணில் படமாட்டாள். நான் கல்யாணமாகி வந்தபோது அப்படித்தான் இருந்தது. இரண்டு வருஷம் கழித்து அந்தப் பாதையில் கல்லும் மண்ணும் கொட்டி இடுப்பு உயரத்துக்கு மேடாக்கினார்கள். அதன்மேல் ராசிபுரத்திலிருந்து பஸ் ஓட ஆரம்பித்தது. பஸ்ஸின் ஜன்னலோர ஆளுக்கு எங்கள் பொடக்காளி உள்ளங்கை மாதிரி தெரிந்தது.

வீட்டுக்குப் பின்னால் குளிக்கிற இடத்தைத்தான் பொடக்காளி என்போம். எங்களுடையதில் மூன்று பக்கம் மண் சுவர், வீட்டைப் பார்த்த பக்கம் ஒரு சாக்குப் படுதா. மேலே கூரை இல்லை. நடுவில் ஒரு பலகைக்கல். ஒரு மூலையில் காலை வைத்தால் மறுமூலை தூக்கும். சுவர் மூலையில் வெந்நீர் அடுப்பு, அதன்மேல் கரி பிடித்த தவலை. ஊற்றின தண்ணீர் வெளியே போக வழி தெரியாமல் கல்லைச் சுற்றியே தேங்கிப் பாசி பிடித்துக் கிடக்கும். பிள்ளை வயிற்றில் இருந்தபோது அந்தப் பாசியில் வழுக்கி முட்டி பெயர்ந்தது. இப்போதும் மழைக்காலத்தில் அந்த முட்டி வலிக்கிறது.

மூன்று சுவரில் ஒன்று பொதுச் சுவர். அந்தப் பக்கம் என் வீட்டுக்காரரின் அண்ணன் குடும்பத்துப் பொடக்காளி. ஒரே வீடாக இருந்ததை நான் வந்த வருஷமே இரண்டாகப் பிரித்துக்கொண்டார்கள். முன்கூடமான ஆசாரத்தின் நடுவே சுவர் எழுப்பினார்கள், களத்தைக் கயிறு பிடித்து அளந்தார்கள். அந்த ஒரு பொடக்காளிச் சுவரை மட்டும் யாருக்கு என்று முடிவு பண்ண முடியாமல், ஒருவர் சம்மதமில்லாமல் மற்றவர் கை வைக்கக் கூடாது என்று எழுதி விட்டுவிட்டார்கள். மாடு கட்டும் கொட்டகை, பழைய கட்டுத்தறி ஒன்றும் அதேபோல் பொதுவில் நின்றது. கூரை சரிந்து விழுந்தபின் அதன் கல்கால்கள் களத்தின் ஓரத்தில் கிடந்தன. எடுத்தால் மற்றவர் கேட்பார் என்று யாரும் எடுக்கவில்லை. அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்று மூன்று வருஷம் ஆகியிருந்தது. மூத்தவரின் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஆனால் கூப்பிட்டு வெகு நாளாகிவிட்டது. பேசக் கூடாது என்பது இரண்டு வீட்டிலும் உத்தரவு.

அது யுத்தம் நடந்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸின் பின்னால் ஒரு பெரிய உருளையைக் கட்டி, அதில் கரியைப் போட்டு, அந்தப் புகையில் ஓட்டினார்கள். முன்பெல்லாம் பஸ் நேரத்துக்கு வரும், நேரத்துக்குப் போகும். அதற்குத் தக்கபடி நான் குளித்துவிடுவேன். கரி பஸ் வந்தபின் அந்தக் கணக்கும் போயிற்று. பால் கறந்ததும் வரும், வெயில் ஏறியபின் வரும், ஒரு நாள் வராமலே இருந்துவிடும். இருட்டிலேயே குளித்துவிடலாமே என்று கேட்கலாம். குளித்தேன். மார்கழியில் ஒரு விடியலில் கல்லடியிலிருந்து தேள் ஒன்று கால்விரலுக்குப் பக்கத்தில் ஏறி வந்தது. அதற்குப் பிறகு வெளிச்சமில்லாமல் அந்தக் கல்லில் உட்காரத் துணியவில்லை.

ஆக, நான் குளித்ததெல்லாம் காதால் குளித்த குளியல். ஒரு சொம்பு ஊற்றுவேன், கையை நிறுத்திக் கேட்பேன். மறுபடி ஒரு சொம்பு. கேழ்வரகு அரைக்கிற சத்தம்கூட தூரத்து இஞ்சின் மாதிரி இருக்கும். முதுகு தேய்ப்பதே இல்லை. தலைக்குக் குளிக்கிற நாளைத் தள்ளித் தள்ளிப் போடுவேன்.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் அக்கறை இல்லாதவர் அல்ல. அக்கறை கூடிப் போனதுதான் தொந்தரவு. மேட்டூருக்கு ஒரு சோலியாகப் போனபோது அணைக்கட்டு அதிகாரி ஒருவரின் வீட்டுக் குளியலறையை எட்டிப் பார்த்துவிட்டு வந்தவர். சிமெண்டுத் தரை, தாழ்ப்பாள் போட்ட கதவு, திருகினால் தண்ணீர்.

"கட்டுனா அப்பிடிக் கட்டோணும். இந்த மண்ணுச் செவுர மொத்தமா இடிச்சுத் தள்ளிப்போட்டு, அடியில இருந்து எழுப்போணும்" என்பார்.

"அந்தச் செவுர இடிக்க உங்க அண்ணன் உடுவாருங்களா?"

"அவன் எதுக்கு? நான் கேக்க மாட்டேன்."

"கேக்காம எப்பிடீங்க இடிப்பீங்க?"

துண்டை உதறிக்கொண்டு காட்டுக்குக் கிளம்பிவிடுவார். சிமெண்டு அப்போது எளிதில் கிடைக்கிற பொருளில்லை. யார் யாரையோ பிடித்து ஒரு மூட்டை கொண்டுவந்து, தவிட்டு மூட்டைகளுக்குப் பின்னால் மறைத்து வைத்தார். ஊர்ப் பெரியவர் ஒருவரைவிட்டு அண்ணனிடம் கேட்கவும் சொன்னார். "என் பங்குச் செவுத்துல ஒரு மண்ணாங்கட்டி உதிரக் கூடாது" என்று பதில் வந்தது. சிமெண்டு மூட்டை அங்கேயே கிடந்தது. நான் காதைத் தீட்டிக்கொண்டு குளித்துக்கொண்டிருந்தேன்.

தை பிறந்து சில நாள் இருக்கும். என் வீட்டுக்காரர் காட்டுக்குப் போயிருந்தார். பிள்ளை தூளியில் தூங்கியது. பஸ் சற்று முன்புதான் சேலம் பக்கம் போனதாக நினைத்துக்கொண்டு நிம்மதியாகத் தலைக்குச் சீயக்காய் வைத்தேன். நான் கேட்டது பஸ் இல்லை, ஏதோ லாரி. நுரை கண்ணில் இறங்குகிற நேரத்தில் பஸ் வந்தது. வந்ததோடு, எங்கள் வீட்டுக்கு நேராக இருக்கும் ஏற்றத்தில் இருமி இருமி நின்றுவிட்டது.

மேட்டிலிருந்து பார்த்தால் மறைகிற ஒரே இடமான ரோட்டோரச் சுவரின் அடியில் சுருண்டு ஒட்டிக்கொண்டேன். சீலை அந்தச் சுவரின் மேல் கிடந்தது. எழுந்தால்தான் எட்டும். எழுந்தால் பஸ் முழுக்கப் பார்க்கும். கண்டக்டர் பின்னால் போய்க் கைப்பிடியைச் சுற்றுகிற கரகர சத்தம் கேட்டது. "எறங்குங்க, எறங்குங்க, கரி போட்டு அனல் புடிக்கோணும்" என்றார். ஆட்கள் இறங்கினார்கள். பீடி நாற்றம் வந்தது. ஒருவர் மழையைப் பற்றிப் பேசினார், இன்னொருவர் சிரித்தார். அவர் எதற்குச் சிரித்தாரோ, என்னைப் பார்த்துத்தான் என்று எனக்கு உடம்பு கூசியது. சீயக்காய் கண்ணில் எரிகிறது. கழுவ ஒரு சொம்பு எடுத்தால் சத்தம் கேட்குமே என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். உள்ளே பிள்ளை விழித்து அழத் தொடங்கியது. அழுகை மெல்ல ஆரம்பித்து, வீறிடலாக ஏறியது. எழுந்துவிடலாமா என்று இரண்டு தரம் முட்டியை ஊன்றினேன். இரண்டு தரமும் உட்கார்ந்துவிட்டேன். என் பிள்ளை அழுகிறது, பத்தடி தூரத்தில் நான் ஈரத்தோடு குந்தியிருக்கிறேன். அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரம் யார்மேல் என்றே தெரியவில்லை. பஸ்மேல், ரோடுமேல், மேட்டூர் அதிகாரிமேல், எல்லார்மேலும் வந்தது.

அப்போது செருப்புச் சத்தம் மேட்டிலிருந்து இறங்கியது. "ஊட்ல ஆருங்க? குடிக்கத் தண்ணி கெடைக்குமுங்களா?" ஓர் ஆண் குரல். குரல் எங்கள் சுவரை நோக்கி வந்துகொண்டிருந்தது.

பொதுச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு காய்ந்த சீலை பறந்து வந்து என் தலையில் விழுந்தது.

"சுத்திக்க அம்மிணி. அப்பிடியே உக்காந்திரு" என்று தாழ்ந்த குரலில் அக்கா சொன்னார். உடனே அவர் வெளியே ஓடுகிற சத்தம். "அங்கயே நில்லுங்க! பொம்பளைக பொழங்கற எடம் கண்ணுக்குத் தெரியலீங்களா? தண்ணி நான் கொண்டாறேன், ரோட்டுக்குப் போங்க!"

அந்த ஆள் "தெரியாம வந்துட்டேனுங்க" என்று திரும்பிவிட்டார். அக்கா அவருக்குச் செம்பு நிறையத் தண்ணீர் கொடுத்தார். பிறகு மூன்று வருஷமாக மிதிக்காத எங்கள் வாசலை மிதித்து, தூளியிலிருந்து என் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நின்றார். பஸ் கிளம்பிப் போனபின் நான் உள்ளே வந்தேன். தலையில் பாதி நுரை, கண் இரண்டும் மிளகாய்ப் பழம்.

"அளுவாத சாமி" என்றார். பிள்ளையிடம் சொன்னாரா என்னிடம் சொன்னாரா தெரியவில்லை. இரண்டு பேரும் அழுதுகொண்டுதான் இருந்தோம்.

மறுநாளிலிருந்து நாங்கள் பேசினோம். நேருக்கு நேராக அல்ல. குளிக்கிற நேரத்தில், சுவருக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்துகொண்டு. தண்ணீர்ச் சத்தத்தில் ஆண்களுக்குக் கேட்காது. அக்காவுக்கும் என் பாடுதான் என்று அப்போதுதான் தெரிந்தது. அவர் பஸ்ஸுக்குப் பயந்து, காட்டுக் கிணற்றில் மாடு பூட்டிக் கவலை இறைக்காத நேரம் பார்த்து, அவ்வளவு தூரம் நடந்து போய்க் குளித்துவிட்டு வந்துகொண்டிருந்தாராம். அன்று ஏதோ துணி அலசத்தான் பொடக்காளிக்கு வந்தாராம்.

"இடிக்கறதுக்குத்தான அக்கா அவுங்க சம்மதம் வேணும்? இடிக்காம செஞ்சா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

அந்தப் பக்கம் சொம்புச் சத்தம் நின்றது. "இடிக்காம எப்பிடிடீ ஒசத்துவ? மண்ணுச் செவுத்து மேல கல்லு வெச்சா தாங்காது."

"செவுத்துக்கு மேல வேண்டாம். செவுர ஒட்டி, உள்ளார."

வெண்ணந்தூர்ப் பக்கமிருந்து ஒரு கொத்தனார் எங்கள் பகுதியில் வேலைக்கு வருவார். அவர் மனைவிதான் அவருக்குச் சித்தாள். சுண்ணாம்பு குழைப்பது முதல் சட்டி தூக்குவது வரை எல்லாம் அந்தம்மாதான். ஆண்கள் காட்டுக்குப் போன நேரம் பார்த்து இருவரையும் வரச்சொன்னோம். கொத்தனார் விரல் முட்டியால் சுவரை நெடுகத் தட்டிக்கொண்டே போனார். இரண்டு இடத்தில் நின்று காதை வைத்தார்.

"இடிக்க வேண்டாமுங்க" என்றார். "அடிச்செவுரு கல்லாட்டம் இருக்குது. மேல தோலுதான் போயிருக்குது. கொத்திப் போட்டுச் சுண்ணாம்புக் காரை பூசுனா இன்னும் முப்பது வருசத்துக்குக் கேக்காது. இந்தக் கல்லையும் எடுக்க வேண்டாம், கீள சில்லுக் குடுத்து ஆட்டத்த நிறுத்திரலாம். ஒசரத்துக்குத்தான் நாலு கல்லுக்கால் வேணும். நட்டு, மூங்கி வெச்சு, கீத்து கட்டிரலாம்."

"கல்லுக்கால் இருக்குதுங்க" என்றார் அக்கா. களத்தோரத்தில் கிடந்த கட்டுத்தறிக் கற்களைப் பார்த்துத்தான் சொன்னார். சுவரை விடவும் வம்பு பிடித்த கற்கள் அவை.

சமயம் தானாக வந்தது. எருமப்பட்டிப் பக்கம் ஒரு ஜோடிக் காளை கைமாறப் போகிறது என்று கேள்விப்பட்டு என் வீட்டுக்காரர் கிளம்பினார். போக வர, பார்க்க, ஓட்டிப் பழக என்று ஆறேழு நாள் ஆகும். "வாரேன்" என்று சொல்லிவிட்டு அவர் ஏற்றத்தைத் தாண்டியதும் நான் பொதுச் சுவரில் மூன்று தட்டுத் தட்டினேன். அன்று மத்தியானமே கொத்தனார் வந்துவிட்டார்.

முதல் நாள் சுவரின் உதிர்ந்த மண்ணைக் கொத்தினார்கள். கொத்தனாரின் மனைவி கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லமும் சேர்த்துச் சுண்ணாம்பை மிதித்துக் குழைத்தார். எனக்கு ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. களத்துக்கும் பொடக்காளிக்கும் நடந்தேன். சோறு குழைந்தது, மறுநாள் பால் பொங்கி வழிந்தது. எருமப்பட்டிக் காளை பிடிக்காமல் அவர் இன்றைக்கே திரும்பிவிட்டால்? மூத்தவர் காட்டிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டால்?

மூத்தவர் வந்துவிட்டார். இரண்டாம் நாள், முதல் கல்காலை நான்கு பேர் சேர்ந்து குழிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து போட்ட நேரம். குழி எங்கள் பக்கத்தில்தான் இருந்தது. ஆனால் கல் பொதுக் கல்.

எங்களில் கணவனின் அண்ணனுக்கு நேர் நின்று பேசும் வழக்கம் இல்லை. நான் படுதாவுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். அவர் கொத்தனாரைப் பார்த்து, "ஆரக் கேட்டு இந்தக் கல்லுல கைய வெச்சீங்க?" என்றார். கொத்தனார் கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டார். கல் தூக்க வந்த ஆட்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்கள்.

"நாந்தான் கேட்டேன்" என்று அக்கா வெளியே வந்தார்.

"உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? அவனோட பொடக்காளிக்கு நம்ம கல்லா?"

"அவனோட பொடக்காளி இல்லீங்க, அவ குளிக்கறது. அந்தப்பக்கம் அவ, இந்தப்பக்கம் நானு. ரெண்டு பேரும் பஸ்ஸுக்காரனுக்குத் தெரியறாப்பலதான் உக்காந்திருக்கோம். நானு எதுக்குக் கெணத்துக்கு நடக்கறேன்னு ஒரு நாளாச்சும் கேட்டீங்களா? உங்களுக்குச் செவுரு பெருசா, நானு பெருசா? செவுருதான்னா சொல்லிப்போடுங்க, இந்தக் கல்ல நானே உருட்டிக் கொண்டுபோய்ப் பளைய எடத்துல போட்டுர்றேன்."

கொத்தனாரின் மனைவி சுண்ணாம்பு மிதிப்பதை மட்டும் நிறுத்தவில்லை. அந்தச் சளக் சளக் சத்தம் இன்றைக்கும் நினைவிருக்கிறது. நான் படுதாவின் கிழிசலில் பார்த்துக்கொண்டிருந்தேன். மூத்தவர் ரோட்டின் மேட்டுக்கு ஏறினார். அங்கே நின்று திரும்பி எங்கள் பொடக்காளியைப் பார்த்தார். பிறகு தம் பொடக்காளியை. அவ்வளவு நாளில் ஒரு தரம்கூட அங்கே நின்று பார்த்ததில்லை போலிருக்கிறது. முகம் கறுத்துப் போயிற்று. இறங்கி வந்தார். குழிக்கும் சுவருக்கும் நடுவே குனிந்து கையால் சாண் போட்டார்.

"ஒரு சாண் தள்ளி நடுங்க. செவுத்துல பாரம் ஏறப்படாது" என்று கொத்தனாரிடம் சொன்னார். இரண்டு அடி போனவர் திரும்பி, "எங்க பக்கத்துலயும் ரெண்டு நட்டுருங்க. அதே ஒசரம்" என்றார்.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நிக்கறீங்களே, தூக்குங்க" என்று ஆட்களை அதட்டினார்.

ஐந்து நாளில் முடிந்தது. தரைக்குச் செங்கல் தூளும் சுண்ணாம்பும் போட்டு இழைத்தார்கள். கல் ஆடவில்லை. மண்ணெண்ணெய் டின்களை வெட்டித் தட்டி, மூங்கில் சட்டத்தில் ஆணியடித்து ஒரு கதவு. ரோட்டுப் பக்கம் ஆளுயரத்துக்கு மேல் கீற்று. துணி போட ஒரு கொடி. கொத்தனாரின் மனைவி போகும்போது, பூச்சில் தேங்காய் வைக்கிற அளவுக்கு ஒரு மாடம் குடைந்து, "சீயக்காக் கிண்ணம் வெச்சுக்குங்க அம்மிணி" என்றார்.

என் வீட்டுக்காரர் காளைகளோடு திரும்பினார். அவற்றைக் கட்டிவிட்டுப் பின்பக்கம் போனவர் வெகு நேரம் வரவில்லை. வந்து, "ஒட்டுப்போட்ட சட்டையாட்டம் இருக்குது" என்றார்.

"ஒட்டுப்போட்டாலும் ஒடம்ப மறைக்குதுங்களே."

"எங்கண்ணங் கல்லு."

"உங்க கல்லும்தானுங்க."

அவர் அதில் குளிக்கவில்லை. சோப்பும் துண்டும் எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போனார். பத்து நாள் போனார். எனக்கு அது வலித்தது. ஆனால் அவரைத் தேற்ற எனக்கு அப்போது தெம்பில்லை. என் தொல்லை எனக்கு இருந்தது. அத்தனை பாடுபட்டுக் கட்டியும் என்னால் நிமிர்ந்து குளிக்க முடியவில்லை. பஸ் ஏற்றத்தில் முனகும்போதே முட்டி தானாக மடங்கும், தோள் குறுகும். கீற்றைத் தொட்டுப் பார்ப்பேன். ஓட்டை இருக்கிறதா என்று ரோட்டுக்கே ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். ஒன்றும் தெரியாது. மறுநாள் மறுபடி குந்துவேன். ஒரு நாள் அக்காவிடம் சொன்னேன். "எனக்கும் அப்பிடித்தான் இருக்குது கண்ணு, ஒடம்புக்குத் தெரிய நாளாகும்" என்றார். எனக்கு மட்டும் பைத்தியம் பிடிக்கவில்லை என்று தெரிந்ததே பெரிய ஆறுதல்.

பதினோராம் நாளோ என்னவோ, என் வீட்டுக்காரர் சிமெண்டு மூட்டையை வெளியே இழுத்தார். தரையையாவது தம் விருப்பப்படி போடலாம் என்று நினைத்திருக்க வேண்டும். கூரை ஒழுகி இறங்கியிருக்கிறது; மூட்டை முழுசும் பாறையாக இறுகிக் கிடந்தது. சாக்கைக் கிழித்துப் பார்த்தார், கடப்பாரையால் ஒரு போடு போட்டார். சில்லுத் தெறித்தது. அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார். நான் மோர் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக் குடித்தார்.

"நானு இடிச்சிருந்தா, இன்னேரம் உனக்கு இருந்த செவுரும் இருந்திருக்காது" என்றார். நான் காலிச் சொம்பை வாங்கிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் எங்கள் பொடக்காளியில் அவர் குளித்தார். வெளியே வரும்போதே குற்றம் கண்டுபிடித்துக்கொண்டுதான் வந்தார். தரையிலிருந்து தண்ணீர் ஜோராக ஓடிவிடுகிறது. ஆனால் சுவருக்கு வெளியே போய்த் தேங்குகிறது. வழி அண்ணனின் வாழைப் பக்கம்தான் சரிவாக இருந்தது. இடுப்புத் துண்டோடு குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் மூத்தவர் வாழைக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காததுபோலப் பார்த்துக்கொண்டார்கள்.

மூத்தவர் மண்வெட்டியைக் கீழே போடவில்லை. தண்ணீரைப் பார்த்தே பேசினார். "அப்பிடியே உட்டா கொசுதான் புடிக்கும். இந்தண்ட வாய்க்கா இளுத்தா வாளைக்குப் பாயும்."

இவர் இடுப்புத் துண்டை இறுக்கிக்கொண்டார். "எத்தன ஆளம் எடுக்கலாமுங்க?"

அண்ணனை அவர் 'ங்க' போட்டுப் பேசியதை நான் அன்றுதான் முதலில் கேட்டேன்.

"ஓட்டம் பாத்துத்தான் சொல்லோணும். உள்ளார ஆராச்சும் தண்ணி ஊத்தச் சொல்லு."

"ஏம்புள்ள!" என்று அவர் கத்தினார். "ஒரு கொடம் ஊத்து!"

ஊற்றினேன். வெளியே இருவரும் ஏதோ பேசினார்கள், மண்வெட்டி விழுந்தது. "இன்னொண்ணு ஊத்து!" மறுபடி ஊற்றினேன். "மெதுவா ஊத்து, இப்பிடிக் கொட்டுனா எப்பிடித் தெரியும்?" என்று அதட்டல். நான் மெதுவாக ஊற்றினேன். அடுப்பில் குழம்பு அடிப்பிடிக்கிற வாசம் வந்தது, பிள்ளை சிணுங்கியது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அக்கா, "ஏனம்மிணி, இன்னும் எத்தன கொடம்?" என்று உரக்கவே கேட்டார்.

"தெரியலீங்கக்கா" என்று நானும் உரக்கச் சொன்னேன். "இன்னும் ஊத்தச் சொல்றாங்க."